காந்திமதிநாதனின் ஞாபக மாத்திரை

பாளையங்கோட்டை காந்திமதிநாதனுக்குச் சாவைப் பற்றிப் பெரிய பயம் கிடையாது. மறதியைப் பற்றித்தான் பயம்.

பொதுப்பணித் துறையில் வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தாமிரபரணியில் எந்த அணைக்கட்டிலிருந்து எந்தக் கால்வாய் பிரிகிறது, அதில் எந்த மடை எந்த ஊர் வயலுக்குப் பாய்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்டவர் தொண்ணூற்றேழாம் வருஷம் ஒரு கல்யாண வீட்டில், தன்னோடு காலமெல்லாம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிப்பிடித்து நலம் விசாரித்துவிட்டு, மனைவி கோமுவிடம் அறிமுகப்படுத்த வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. "இவரு... நம்ம... சார்" என்று ஒருவழியாக முடித்துக்கொண்டார்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் பந்திக்குப் போயிருப்பார்கள். ஆனால் அவருடைய அண்ணன் ஆவுடையப்பன் கடைசிக் காலத்தில், காப்பி கொண்டுவந்து கொடுத்த சொந்த மனைவியைப் பார்த்து, "நீ யாரும்மா, எந்த ஊரு?" என்று மரியாதையாக விசாரித்தவர். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் காந்திமதிநாதன். பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

மறுநாளே டாக்டர் கெசியாவிடம் போனார். அந்த அம்மாள் ரத்த அழுத்தம் பார்த்தார், ஏதேதோ கேள்வி கேட்டார், பிறகு சிரித்தார்.

"பேரு மறக்கதெல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான் அண்ணாச்சி. சாவியை எங்க வச்சோம்னு மறந்தா தேடிக்கிடலாம். சாவி எதுக்குன்னே மறந்துபோச்சுன்னா எங்கிட்ட வாங்க. இப்போதைக்கு நல்லா நடங்க, நெல்லிக்கா கிடைச்சா சாப்பிடுங்க."

காந்திமதிநாதனுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு மாத்திரைகூட எழுதிக் கொடுக்காத டாக்டர் என்ன டாக்டர்? அதிலும் நெல்லிக்காய்! கோயில் வாசலில் கூறு கட்டி விற்கிற பொருளுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும்?

இந்த நேரம் பார்த்துத்தான் குமரவேல் வந்து சேர்ந்தான். மருந்துக் கம்பெனி பிரதிநிதியாக இருந்தவன். சித்திரை வெயிலிலும் கழுத்தில் டை. இப்போது அவன் கொண்டுவந்திருந்தது மருந்து அல்ல, மருந்துக்கும் மேலே என்றான். பேர் 'ஜீவோரா'. திராட்சை விதை, பச்சைத் தேயிலை, இன்னும் வாயில் நுழையாத பத்துப் பதினைந்து சரக்கு அடைத்த ஊதா நிறக் காப்சூல் மாத்திரை. கடைகளில் கிடைக்காது. ஒருத்தர் சாப்பிட்டுப் பார்த்து இன்னொருத்தருக்குச் சொல்ல வேண்டும், அவர் இன்னொருத்தருக்கு. இப்படியே உலகம் முழுக்க இளமையாகிவிடும் என்பது ஏற்பாடு.

"அண்ணாச்சி, நமக்கு வயசாகக் காரணம் என்னன்னு நெனைக்கிய?"

"பொறந்ததுதான்."

"இல்ல அண்ணாச்சி. உடம்புக்குள்ள ஃப்ரீ ராடிக்கல்னு ஒரு கூட்டம் திரியுது. ஒவ்வொரு செல்லா போய் அரிச்சுத் திங்குது. மூளைய மொதல்ல திங்குது. நம்ம மாத்திரை உள்ள போச்சுன்னா அதுகள ஒவ்வொண்ணா பிடிச்சுக் கட்டிப்போட்டுரும்."

மூளையை முதலில் தின்னும் என்று கேட்டதுமே காந்திமதிநாதன் பாட்டில் வாங்கிவிட்டார். ஒரு மாதம் போனதும், தான் சாப்பிடுவது போதாது, ஊரும் சாப்பிட வேண்டும் என்ற கருணை பிறந்தது. குமரவேல் அவருக்கும் ஒரு டை கொடுத்தான்.

அதன்பிறகு பாளையங்கோட்டையில் அவர் கண்ணில் படாமல் நடமாடுவது சிரமமாகிப் போனது. துட்டி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "எழுவத்தெட்டு வயசெல்லாம் ஒரு வயசா? முன்னமே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார். பிணத்துக்குச் சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்த பார்வையில் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

ஆனாலும் விளக்கம் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. குமரவேல் இங்கிலீஷில் சொன்னதை எல்லாம் அவர் வாய்க்காலாக மாற்றிவிட்டார். செல் என்றால் வயல். அதற்குள் சக்தி உண்டாகிற இடம் மடை. ஃப்ரீ ராடிக்கல் என்பது பட்டியை உடைத்துக்கொண்டு வந்து பயிரை மேய்கிற ஆடு. ஜீவோரா அந்த ஆட்டை ஓட்டிப் பிடிக்கிற கீதாரி. ஒரே ஒரு இடத்தில்தான் தடுக்கியது. அந்த மடைக்கு விஞ்ஞானத்தில் உள்ள 'மைட்டோகாண்டிரியா' என்ற பேர் அவர் வாயில் நிற்கவில்லை.

"செல்லுக்குள்ள முகைதீன் காண்டிரியான்னு ஒண்ணு இருக்கு வே" என்றார் ஒருநாள், கூட நடக்க வருகிற மேலப்பாளையம் ஜவுளிக்கடை காஜா முகைதீனிடம்.

"எங்க ஆளுகள ஏன் வே உள்ள இழுக்கீரு?" என்றார் காஜா முகைதீன். "அப்படி ஒருத்தரு எங்க தெருவுல இருந்தாரு. அவரு கொழும்புக்குப் போயி ரொம்ப நாளாச்சு."

சிநேகிதத்துக்காக அவரும் ஒரு பாட்டில் வாங்கினார். ஆனால் அது மூடி திறக்காமலேயே கிடந்தது. கேட்டதற்கு, "மறக்காம இருக்கதுக்கு மாத்திரை கொடுத்தீரு, சரி. மாத்திரைய மறக்காம இருக்கதுக்கு என்ன வச்சிருக்கீரு?" என்றார்.

கோமுவின் வழி வேறு. தன் பங்குக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கி முருங்கை மரத்து மூட்டில் போட்டுவந்தாள். மரம் எப்போதும் போலக் காய்த்தது.

இப்படியிருக்கையில் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரிய கூட்டம் ஏற்பாடானது. அங்கே காந்திமதிநாதன் மேடையேறி, ஜீவோராவால் ஞாபகசக்தி எப்படித் திரும்பியது என்று அனுபவம் சொல்ல வேண்டும். கோமுவும் உடன் கிளம்பினாள். கூட்டத்துக்காக இல்லை. வழியில் பத்தமடையில் ஆபிதா பீவியிடம் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் பாய் நெய்யச் சொல்லியிருந்தாள், அதை வாங்க வேண்டும்.

பஸ் பாளையங்கோட்டையைத் தாண்டுமுன்பே அவர் கண்ணை மூடிப் பேச்சை ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டார். பத்தமடையில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார்.

"ஏங்க, அந்தா தெரியுதுல்லா, அதான் ஆபிதா பீவி வீடு. பாய வாங்கிட்டு ஒரு நிமிசத்துல வந்துருதேன். வண்டிய எடுத்தா நிப்பாட்டச் சொல்லுங்க" என்றாள் கோமு.

"ம். ஆடு... பயிரு... கீதாரி" என்றார் அவர்.

டிரைவர் ஏறினார். கண்டக்டர், "எறங்குனவங்க எல்லாம் ஏறியாச்சா?" என்று கேட்டார். ஒத்திகை அப்போது மிக உற்சாகமான கட்டத்தில் இருந்தது. "ஏறியாச்சு! போலாம், ரைட்!" என்று குரல் கொடுத்தவர் சாட்சாத் காந்திமதிநாதனேதான்.

வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி எல்லாம் கடந்துபோயின. பக்கத்து இருக்கை காலியாக இருந்ததில் காற்றோட்டமாக இருந்தது. வேறொன்றும் அவருக்குத் தோன்றவில்லை.

மண்டபத்தில் நல்ல கூட்டம். காந்திமதிநாதன் டையைச் சரிசெய்துகொண்டு மைக்கைப் பிடித்தார். வயல், மடை, ஆடு, கீதாரி எல்லாம் மழை பெய்தாற்போல் வந்தன. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"போன வருசம் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? கூட வேலை பார்த்தவன் பேரு தெரியல. இன்னைக்கு? வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என்னெல்லாம் எடுத்து வச்சனோ அத்தனையும் இங்கன இருக்கு. குடை இருக்கு. கண்ணாடி இருக்கு. தண்ணி பாட்டில் இருக்கு. ஒண்ணையும் நான் விட்டுட்டு வரல!"

கைதட்டல் அடங்குகிற சமயத்தில் மண்டப வாசலில், சுருட்டிய பாயை இடுப்பில் அணைத்தபடி, வியர்த்து விறுவிறுத்துக் கோமு வந்து நின்றாள்.

அவளைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பத்தமடை ஞாபகம் வந்தது.  மைக்கில், "அய்யய்யோ" என்று மட்டும் கேட்டது.

"என்னம்மா, சாருக்குத் தெரிஞ்சவங்களா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"அவரு வீட்டுக்காரிதான். என்னையப் பத்தமடையில எறக்கிவிட்டுட்டு இவரே ரைட் கொடுத்துட்டு வந்துட்டாரு. நான் பின்னால வந்த வண்டியில வாரேன்" என்றாள் கோமு. மண்டபமே அவளைப் பார்த்துத் திரும்பியதால் இன்னொரு வார்த்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. "மாத்திரை நல்லாத்தான் வேலை செய்யுது. கட்டுன நாள்ல இருந்து விட்டுட்டு ஓடணும்னு நெனச்சிருப்பாரு போல. இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துருக்கு."

சிரிப்பில் மண்டபக் கூரை ஆடியது. எல்லாம் முடிந்தது என்று காந்திமதிநாதன் நினைத்தார். அங்கேதான் அவருக்கு வியாபாரம் தெரியவில்லை. குமரவேல் பாய்ந்து வந்து மைக்கை வாங்கினான்.

"பாத்தியளா! அறுவது தாண்டுன மனுசருக்கு என்ன வேகம்னு! கூட வந்தவங்களால தொட முடியல!"

சனங்கள் மேலும் சிரித்தார்கள். சிரித்தபடியே வாங்கவும் வாங்கினார்கள். அதிலும் கல்யாணமான ஆண்கள் முண்டியடித்தார்கள். கொண்டுவந்த பெட்டிகள் அத்தனையும் காலியாயின. குமரவேல் கண்கலங்க அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, அடுத்து நாங்குநேரியில கூட்டம். அக்காவும் வரணும். பாயும் வேணும். இதே மாதிரி நடுவுல வந்து நிக்கட்டும்."

காந்திமதிநாதன் டையைக் கழற்றி அவன் கையில் வைத்தார். 

திரும்பும் பஸ்ஸில் கோமுவை ஜன்னலோரம் உட்காரவைத்துத் தான் இந்தப் பக்கம் அடைத்தாற்போல் உட்கார்ந்தார். கல்லிடைக்குறிச்சி தாண்டியது. பிறகு மெல்லக் கேட்டார்.

"கோவமா?"

"கோவமில்ல. பயந்துட்டேன்" என்றாள் அவள். "பஸ் போன தெசைய பாத்துக்கிட்டு நிக்கேன், உங்க அண்ணன் ஞாபகம் வந்துட்டு. நாளைக்கு இவரும் என்னைப் பாத்து எந்த ஊருன்னு கேப்பாரோன்னு கண்ணுல தண்ணி முட்டிட்டு."

"எனக்கும் அந்தப் பயந்தான் கோமு. அதுக்குத்தான இவ்வளவும்."

"அந்தால ஆபிதா பீவி கேட்டா, இவரு எப்பவும் இப்படித்தானா அக்கான்னு. யோசிச்சுப் பாத்தேன். சிரிப்பு வந்துட்டு." கோமு அவர் பக்கம் திரும்பினாள். "கல்யாணத்தன்னைக்கு மணவறையில என்னைய என்னன்னு கூப்பிட்டிய, சொல்லுங்க பாப்போம்."

அவர் யோசித்தார். வரவில்லை.

"வேணின்னு கூப்பிட்டிய. அது எங்க அக்கா பேரு. எங்கப்பா அப்படியே மூஞ்சி வெளுத்துப் போயிட்டாரு. மூத்தவன் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில் பிள்ளையத் தூக்கிக் கொஞ்சினிய. அப்ப உங்களுக்கு முப்பது வயசுகூட ஆகல. வாய்க்காலும் மடையும் நெனச்ச மண்டையில மனுசருக்கு எப்பங்க எடம் இருந்துச்சு?"

காந்திமதிநாதன் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். "அப்ப எனக்குப் புதுசா ஒண்ணும் வரலங்கியா?"

"வரல. எல்லாம் பழசுதான்."

இளமை மாத்திரை கொடுக்காத தெம்பு அந்த ஒரு வார்த்தையில் வந்தது. சேரன்மகாதேவியில் இறங்கி அவளுக்குச் சுக்குக்காப்பி வாங்கிவந்தார். இறங்குமுன் கண்டக்டரிடம், "என் வீட்டுக்காரி உள்ள இருக்கா, நான் வராம வண்டிய எடுக்காதீரும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

நாங்குநேரிக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. ஜீவோராவும் கொஞ்ச நாளில் ஊரைவிட்டு மறைந்தது. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றார்கள் சிலர். பேரை மாற்றிவிட்டார்கள் என்றார்கள் வேறு சிலர்.

மறுவருஷம் ஒரு காலையில் குமரவேல் மறுபடி வாசலில் நின்றான். இம்முறை தோளில் ஒரு படுக்கைச் சுருள். காந்தப் படுக்கையாம். படுத்தால் போதும், முட்டுவலி முதல் மூச்சுத்திணறல் வரை ஓடிப்போகுமாம்.

"ரத்தத்துல இரும்பு இருக்குல்லா அண்ணாச்சி. காந்தம் அதை இழுத்துச் சீரா ஓடவைக்கும்."

அடுக்களையில் கோமு கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. காந்திமதிநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படுக்கையைத் தொட்டுப் பார்த்தார். பழைய பொறியாளர் விழித்துக்கொண்டார்.

"சரி தம்பி. காந்தம் ரத்தத்த கீழ இழுக்குதுல்லா? அப்ப காலையில நான் எந்திரிக்கும்போது, ரத்தம் எங்கூட வருமா, படுக்கையிலேயே கெடக்குமா?"

குமரவேல் படுக்கையைச் சுருட்டித் தோளில் போட்டான். சென்னையில் கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிப் போனான். இன்றுவரை பதில் வரவில்லை.