நல்லாத்தான் இருக்கேன், டாக்டரம்மா

அமிர்தலிங்கத்தோடு மாரடிக்க அவர் பெண்டாட்டி கொளஞ்சியம்மாளைத் தவிர வேறு யாராலும் முடியாது. எறையூரில் கரும்பும் சின்ன வெங்காயமும் போடுகிற மனுஷர். குடலில் புண்ணும் வீக்கமுமாகப் பல வருஷமாக அவதிப்படுகிறார். ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் அடங்கும், விட்டால் திரும்பும். மாத்திரையால் முகம் உப்பியபோது, "நல்லா சதை போட்டுட்டீங்களே!" என்று ஊரே மெச்சியது. அவரும் இளித்துக்கொண்டு நின்றார். கொளஞ்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் வேறொரு ஸ்டீராய்டைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று போய்ச் சேர்ந்தார். அது பெரும்பாலும் குடலிலேயே வேலை செய்யுமாம், உடம்பை அவ்வளவாக உப்ப வைக்காதாம். நீண்ட நாள் சாப்பிட்டால் நோய் திரும்பாமல் இருக்குமா என்பதுதான் சோதனை. சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் கேப்சூல். யாருக்கு எது என்று சோதனையை நடத்தும் டாக்டர் ஆர்த்திக்கே தெரியாது.

சில மாதம் நன்றாகத்தான் இருந்தார். தை பிறந்ததும் வலி திரும்பியது, ரத்தமும் வந்தது. டாக்டரிடம் சொல்லச் சொல்லிக் கொளஞ்சி தலைபாடாக அடித்துக்கொண்டாள். மனுஷன் அசைந்தால்தானே! ஒவ்வொரு தடவையும் ஒரு பை வெங்காயத்தோடு போய், "ஒங்க புண்ணியத்துல நல்லாத்தான் இருக்கேன், டாக்டரம்மா" என்று கும்பிட்டுவிட்டு வருவார். பரிவாகப் பார்க்கிற பிள்ளையிடம் மருந்து கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது என்பது அவர் நியாயம். என்ன நியாயமோ!

இந்தத் தடவை கொளஞ்சியும் கூடப் போனாள். வழியில் பாடாலூரில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அவர் இறங்கி ஓடினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகத்தை வைத்துக்கொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடினார். கொளஞ்சிக்குப் பொறுக்கவில்லை.

"பொய் சொல்றாருங்க டாக்டரம்மா! தையிலேருந்து ரத்தமா போவுது. வர வழியில பாடாலூர்ல பஸ்ஸ நிறுத்தி ஓடினாரு. நீங்க வருத்தப்படுவீங்களாம், அதான் சொல்ல மாட்டாராம்!"

ஆர்த்தி பேனாவைக் கீழே வைத்தாள். "ஐயா, நீங்க நல்லா இருக்கேன்னா நான் அப்படியே எழுதிடுவேன். கேக்காத மருந்தைக் கேக்குதுன்னு நம்பி நாளைக்கு எத்தனையோ பேருக்குக் குடுப்பாங்க. உங்க குடலும் புண்ணாயிட்டே போவும். மறைக்காம சொல்லுங்க, வலிக்குதா?"

அமிர்தலிங்கம் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "தாங்க முடியலம்மா" என்றார்.

அன்றே கேப்சூலை நிறுத்தி, வார்டில் சேர்த்து, வேறு சிகிச்சைக்கு எழுதினாள் ஆர்த்தி. கொளஞ்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அதற்குள் அந்த மனுஷன் டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மனசுல வெச்சுக்காதீங்கம்மா. மருந்து நல்ல மருந்துதான். என் வயிறுதான் சரியில்ல."