முதலாளி செருகிய வயர்

அந்தக் கறுப்பு வயரின் தலையில் ஒரு சந்தனப் பொட்டு இருக்கும், நடுவில் குங்குமம். கண்டியில் நான் முதன்முதலாக வேலை பார்த்த கம்பியூட்டர் கடையிலிருந்து எந்த மெஷின் போனாலும், அதை டிவியோடு இணைக்கும் வயருக்குப் பொட்டு வைத்துத்தான் அனுப்புவார்கள். முஸ்லிம் வீடுகளுக்குப் போவதற்கு மட்டும் பொட்டு கிடையாது. மற்றச் சடங்கெல்லாம் அங்கேயும் உண்டு. வாடிக்கையாளர் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நாங்கள் பொருத்திப் பூட்டலாம். கடைசி வயரை முதலாளி நல்ல நேரம் பார்த்துத் தன் கையால் செருகுவார். அதன்பின் வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அவருடைய கைராசியில்தான் கடை ஓடுகிறது என்று அவரும் நம்பினார், அந்தத் தெருவும் நம்பியது. நானும் கொஞ்சக் காலம் நம்பித் தொலைத்தேன்.

தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து நான் அங்கே செய்தது, படம் பார்ப்பதற்கென்றே மெஷின் கட்டும் வேலை. பெரிய டிவிக்குக் கீழே வைத்தால் வீட்டு ஹாலே தியேட்டராகிவிடும். முதலாளிக்கு விற்கத் தெரியும், கட்டத் தெரியாது. அது பிழையில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டி, மாட்டிக்கொண்டால் பக்கத்தில் நிற்பவளைப் பிடித்துத் தள்ளினாரே, அதுதான் பிழை.

திகனயில் ஒரு ஹாஜியார் வீடு. மகளின் கல்யாண வீடியோவைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். முதலாளி வயரைச் செருகினார், படம் ஓடியது. மணப்பெண் படியிறங்க ஒரு காலைத் தூக்கினாள், அப்படியே நின்றாள். பிறகு திடுக்கென்று இரண்டு படி கீழே இருந்தாள். பாட்டு முன்னே ஓட, உதடு பின்னே அசைந்தது. "என்ன மொதலாளி, படம் இழுக்குதே" என்றார் ஹாஜியார். நான் வீடியோவைப் பென் டிரைவிலிருந்து டிஸ்க்குக்கு மாற்றிப் பார்த்தேன். வேறு பிளேயரில் போட்டுப் பார்த்தேன். அதே கதைதான். மெஷினின் மூளை மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, பாரமான படங்களுக்கென்றே நான் பூட்டிய கார்ட் சும்மா கிடந்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். அங்கே வயர் செருக இரண்டு ஓட்டைகள். மேலே இருப்பது சில்லறை வேலைக்கு, கீழே இருப்பது அந்தக் கார்டுக்குச் சொந்தம். முதலாளியின் வயர் மேலே இருந்தது.

அவர் காதோரம் குனிந்து, கீழே மாற்ற வேண்டும் என்று மெதுவாகத்தான் சொன்னேன். அவர் மானத்தைக் காக்கத்தான் அப்படிச் சொன்னேன், கேட்டீர்களா! அவர் வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஹாஜியார் பக்கம் திரும்பினார்.

"புள்ள பிழையா பூட்டிட்டா ஹாஜியார். தோட்டத்துல இருந்து வந்ததுகளுக்கு இதெல்லாம் லேசுல வராது."

என்னை வேனுக்குப் போகச் சொன்னார். வேனுக்குள் இருந்தபடி கேட்டேன்: அந்தக் கல்யாணப் பாட்டு மறுபடி ஆரம்பித்து, ஓர் இடத்திலும் தடுக்காமல் முடிவு வரை போனது. நான் வெளியேறிய பிறகு வயரை அவரே கீழே மாற்றியிருக்கிறார்.

மறுநாள் என்னை வரவேண்டாம் என்றார். கண்டி சின்ன ஊர். ஹாஜியார் வீட்டுக் கல்யாணப் படத்தைக் கெடுத்தவள் என்ற பேர் எனக்கு முன்பே ஒவ்வொரு கடைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவரும் வேலை தரவில்லை. ஒரு மருந்துக் கடையில் வருஷக்கணக்காக மாத்திரை கட்டிக் கொடுத்தேன். கையில் தொழில் இருந்தும் அதைத் தொட முடியாத வயிற்றெரிச்சல் கொஞ்சமில்லை. காலம் போனால் ஆறும் என்றார்கள். எனக்கு ஆறவில்லை, ஆறவேண்டும் என்று நான் ஆசைப்படவுமில்லை.

இப்போது கட்டுகஸ்தோட்டையில் எனக்கென்று ஒரு கடை இருக்கிறது. போன மாதம் ஒரு பெண் கூப்பிட்டாள். மாமனாருக்குக் கனடாவிலிருந்து பேத்தியின் அரங்கேற்ற வீடியோ வந்திருக்கிறதாம், விட்டு விட்டு ஓடுகிறதாம். யார் யாரோ வந்து டிஸ்க்கை மாற்றி, விண்டோஸைப் புதிதாகப் போட்டும் சரிவரவில்லையாம். போனேன். கதிரையில் முதலாளி உட்கார்ந்திருந்தார், தலை முழுக்க நரைத்து.

"வா புள்ள, நல்லா இருக்கியா?" என்றார், ஒன்றுமே நடக்காதது போல.

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கக் கழற்றிய மெஷினைத் திரும்பப் பூட்டி வைத்திருந்தார்கள். பின்பக்கம் டார்ச் அடித்தேன். மேல் ஓட்டையில் வயர், அதன் தலையில் சந்தனப் பொட்டு. யார் செருகியது என்று கேட்டேன். மாமாதான், வேறு யாரையும் தொடவே விடமாட்டார் என்று மருமகள் சிரித்தாள். முதலாளியின் முகம் மாறிய விதத்தில் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது தெரிந்தது.

"திகன ஹாஜியார் வீட்டுல வயர் சொருகினது யாருன்னு இவங்ககிட்ட சொல்லுங்க மொதலாளி. இப்பவே சரியாக்கித் தாறேன்."

நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தைதான். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய கதைய விடு புள்ள."

நான் பையை மூடினேன். மருமகளிடம், "மெஷின்ல ஒரு பிழையும் இல்லீங்க. மொதலாளி கை வச்ச வயர நாங்க யாரும் தொடக்கூடாது. அவரு கடை வழக்கம் அது" என்றேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது அரங்கேற்றம் மறுபடி தொடங்கியது. ஜதி இரண்டு அடி ஓடி நின்றது. திரும்பிப் பார்த்தேன், குழந்தை தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. அன்று வேனுக்குள் இருந்து கேட்டதுபோல் கேட் வரை கேட்டுக்கொண்டே நடந்தேன். ஜதி விட்டு விட்டுத்தான் வந்தது. கீழ் ஓட்டைக்கு மாற்றினால் போதும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் மருமகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், பழியைப் போட வேறு ஆளும் இல்லை.