இடம் தெரியாத படம்

மலையாள நாட்டு ஆரியசாலையில் ரத்னாபாய் நடத்தும் மெஸ்ஸில் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்பவள் இசக்கிசெல்வி. வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. குடித்துவிட்டு அரிவாளைத் தூக்கிய புருஷனுக்குத் தப்பி, மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தவள். நான்கு வருஷமாக அவள் இருக்கும் ஊர் சொந்தக்காரர் ஒருவருக்கும் தெரியாது. தபால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும் என்று கடிதம்கூடப் போட்டதில்லை. நாகர்கோவில் போகிறவர்களிடம் சொல்லி, அங்கிருந்து அத்தான் வீரபாண்டிக்குப் போன் பண்ணச் சொல்வாள். ஒண்ட நிழல் கொடுத்த கடவுளிடம் அவள் வேறு குறை சொன்னதில்லை.

2008 ஆவணியில் அப்படித்தான் சேதி வந்தது. அக்கா மாடம்மாளுக்கு இரண்டு நாளில் நெஞ்சில் ஆபரேஷன். அதற்குமுன் பிள்ளையின் முகத்தை ஒருதரம் பார்க்கவேண்டுமாம். படத்தை இன்டர்நெட்டில் அனுப்பலாம். ஆனால் அந்த ஊரில் அதைத் திறந்து காட்டும் கடையில் இருப்பவன் இவள் புருஷனின் தம்பி.

துபாயிலிருந்து வந்த ரத்னாபாயின் புதுப் போனில், வெறும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்தாள். அடுத்த தெருவில் இன்டர்நெட் கடை வைத்திருக்கும் மைதீனிடம் போனாள்.

“ஊரு மட்டும் தெரியப்படாது, தம்பி.”

மைதீன் படத்தின் விவரங்களைத் திறந்தான். நாள், மணி, கூடவே இரண்டு நீளமான எண்கள். அவற்றை வரைபடத்தில் போட்டதும் திரையில் ஆரியசாலைத் தெரு வந்து நின்றது.

“இதாக்கும் கள்ளன். இடத்தைப் போனே எழுதி வச்சிருக்கு, அக்கா.”

அவள் எட்டிக் கையால் திரையை மறைத்தாள்.

“சாரமில்ல, பயப்படாண்டாம். நான் மாய்ச்சுத் தாறேன்.”

“எம் பிள்ளையவா? மாய்க்கப் போறீரா? என்ன பேச்சுவே இது!”

“அய்யோ, அதல்ல! மலையாளத்துல மாய்க்கறதுன்னா அழிக்கறது.”

“அழிக்க வேற செய்யணுமோ? போனைக் குடும், நான் போறேன்!”

மைதீன் தலையில் கைவைத்தான். பிறகு திரையோரத்துத் தூசியில் விரலால் ஒரு கோடு கிழித்து, சட்டைக்கையால் துடைத்துக் காட்டினான். “இத்தறதான், இவ்வளவுதான் காரியம். எண்ணு போவும், பிள்ளை அங்ஙனே இருப்பா.”

அவளுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

விவரம் எதுவும் ஒட்டாத புதுப் பிரதி ஒன்றை அவன் உண்டாக்கினான். எண்கள் இருந்த இடம் காலியாக இருந்தது. “இன்னொருக்கா காட்டும், தம்பி” என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் முகம் சுளிக்காமல் காட்டினான். பெயரில்லாத ஒரு புது முகவரியிலிருந்து படம் போனது.

நான்காம் நாள் நாகர்கோவில் போய்வந்தவர் சேதி கொண்டுவந்தார். மாடம்மாள் திரையைத் தொட்டுத் தொட்டு முத்தமிட்டாளாம். மறுநாள் சிரித்த முகத்தோடு ஆபரேஷனுக்குப் போய், பிழைத்தும்கொண்டாளாம். கொழுந்தன் படத்தை நகல் எடுத்துத் துருவிப் பார்த்தானாம். ‘ஒரு மண்ணும் இல்லையே’ என்று திட்டினானாம்.

மறுநாள் விடியலில் இசக்கிசெல்வி குளித்து, வலியசாலைக் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும் சன்னலில் நின்றாள்.

“பேரு?”

“மைதீன்.”

எழுதுகிறவர் நிமிர்ந்தார். “நட்சத்திரம்?”

“தெரியாது, சாமி. நல்ல பிள்ளை.”

அவர் ஒருகணம் அவளைப் பார்த்தார். பிறகு பெயரை எழுதி, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.