கப்பல்காரர் அனுப்பிய அரண்மனை

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனபோது எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். அறுபதுகளின் கடைசி அது. பாப்பாரப்பட்டியில் எங்கள் புது வீட்டுச் சுவர் இடுப்பளவுதான் எழும்பியிருந்தது.

ஒருநாள் போர்ச்சுகலிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. மலை உச்சியில் ஓர் அரண்மனை, கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்:

"அந்தக் கும்மட்டத்தைப் பாரு, நம்ம ஊரு பள்ளிவாசல்ல இருக்கற மாதிரியே. அந்தாண்ட மணிக்கூண்டு சர்ச்சு மாதிரி. மதிலு கோட்டை மாதிரி. இடிஞ்சு கெடந்த மடத்தைச் சுத்தி, ஒரு ராஜா தனக்குப் புடிச்சதையெல்லாம் சேர்த்துக் கட்டுனாராம். எதுவும் எதோடயும் சண்டை போடல. வாசல்ல நின்னா காத்து அப்படி அடிக்குது. நீ பக்கத்துல இல்லியேன்னு இருந்துச்சு."

அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்திருப்பேனோ. அவர் நின்ற வாசலைப் படத்தில் தேடினேன். குதிரை லாடத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு வளைவு தெரிந்தது. அதன் கீழேதான் நின்றிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கொத்தனாரிடம் அட்டையைக் காட்டி, தெருப்பக்க ஜன்னலுக்கு அந்த வளைவுதான் வேண்டும் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, ஓட்டு வூட்டுக்கு இதெல்லாம் எதுக்குங்க?"

"அவரு நின்ன எடங்க அது. கட்டிக் குடுங்க."

மூன்று தடவை இடித்து இடித்துக் கட்டினார். கூலி வீணாகிறதே என்று மாமியார் ஒரு வாரம் புலம்பினார்.

ஒன்றரை வருஷம் கழித்து அவர் வந்தார். பெட்டியைக் கீழே வைக்காமல் தெருவிலேயே நின்று ஜன்னலைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"நான் அங்க போகவே இல்ல. கப்பல் ஒரே நாள்தான் நின்னுது. எனக்கு அடுப்பு வேலை, எறங்க முடியல. கூட இருந்தவரு போயிட்டு வந்து அட்டையைக் குடுத்தாரு. அவரு சொன்னதைத்தான் எழுதினேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப, நான் பக்கத்துல இல்லியேன்னு எழுதினீங்களே?"

"அது மட்டும் நான் எழுதினது."

மூன்று மாதத்தில் மறுபடி கப்பலேறினார். அப்புறம் எத்தனையோ துறைமுகங்களிலிருந்து கடிதம் வந்தது. பார்க்காததைப் பார்த்ததாக ஒன்றில்கூட எழுதவில்லை. 'இங்க மழை. மூட்டை மூட்டையா உருளைக்கிழங்கு உரிச்சோம்' என்று ரெண்டு வரி, அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு, இன்னொரு பொய்க் கடிதம் போடமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன்.