குதிகாலில் இல்லாத ஆணி

மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன் யாரைக் கண்டாலும் முதலில் காலைத்தான் பார்ப்பான். நாச்சாயக்காவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோதும் அப்படித்தான். திருச்செங்கோட்டுச் சந்தைக் கூட்டத்தில் இரண்டு கால்கள் குதிகால் நன்றாகப் பதிய விரைந்து போயின. நிமிர்ந்தேன். தலையில் மிளகாய் மூட்டையோடு அவர் நின்று சிரித்தார்: "என்ன சாமி, இன்னும் என்ற காலையே பாக்கறயா?"

ஆணி பிடுங்கு

பாதத்தில் காய்த்து இறுகுவதை நம் ஊரில் கால் ஆணி என்கிறோம். மாட்டுக் குளம்பில் முறிந்த ஆணியை நான் பிடுங்குவதைப் பார்த்தவர்கள் தங்கள் ஆணியையும் பிடுங்கச் சொல்லி வந்துவிடுவார்கள். அதைப் பிடுங்க முடியாது. வெந்நீரில் ஊறவைத்து, மெதுவாகத் தேய்த்து, அழுத்தும் செருப்பை மாற்றினால் போகும். இது அடிபட்டு நானே கற்றது.

நாச்சாயக்காவும் அப்படித்தான் வந்தார். அதற்கு முன்பே ஒரு நாவிதர் கத்தியால் தோண்டிப் புண்ணாக்கியிருந்தார். நான் அழுத்திப் பார்த்தேன். காய்ப்பு எதுவும் இல்லை. காலையில் பாயைவிட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் உயிர் போகிறது, நடக்க நடக்கக் குறைகிறது என்றார். குதிகால் வலிக்காரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆணி இல்லை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "அப்ப என்ற காலு பொய் சொல்லுதா?"

வாரியில் குதித்த கால்

கணவர் இறந்தபின் தோட்டத்தை அவர்தான் பார்த்தார். கிணற்றிலிருந்து தோல் சாலில் நீர் இறைக்கும் கவலையையும் அவரே ஓட்டினார். தை வரைக்கும் பார்ப்பேன், அண்ணியால் முடியாவிட்டால் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்வேன் என்று கொழுந்தனார் செங்கோடன் சொல்லியிருந்தார். பங்காளியிடம் குத்தகைக்குப் போன நிலம் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. நாச்சாயக்காவுக்கு ஒரே மகள், அதுவும் சின்னவள்.

அவருடைய மாடுகளுக்கு லாடம் அடிக்கப் போனபோதுதான் எனக்கு விளங்கியது. கிணற்றுமேட்டிலிருந்து சரிந்து இறங்கும் வாரியில் மாடுகள் சாலை இழுத்துக்கொண்டு போகும்போது அவர் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து வந்தார். சரிவின் அடிக்கு வந்ததும், கல்லாக இறுகிய மண்ணில் குதிகால் படக் குதித்தார். நாள் முழுக்க இதே குதி.

அங்கே மணல் கொட்டச் சொன்னேன். குதிக்காமல் முன்பாதம் ஊன்றி இறங்கச் சொன்னேன். காலையில் எழுமுன் கால்விரல்களைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கவும், சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டவும் சொன்னேன். குதிகாலில் மட்டும் இரண்டு தோல் வைத்துச் செருப்பு தைத்துக் கொடுத்தேன். வறுத்த தவிட்டால், புண்ணில் படாமல், இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம் என்றவள் என் மனைவி. எல்லாவற்றுக்கும் சரி என்ற நாச்சாயக்கா செருப்புக்கு மட்டும் மல்லுக்கு நின்றார்: "செருப்புப் போட்டுட்டுக் கவல ஓட்டுனா மாடு என்ன மதிக்குமா சாமி?"

தை வந்தது

மாடு மதித்தது. வலி ஒரேயடியாகப் போகவில்லை. புண் ஆறியது, பிறகு காலை நேரத்து நொண்டல் குறைந்தது, பிறகு ஒருநாள் அதை மறந்தே போனார். தை பிறந்ததும் செங்கோடன் தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு கிணற்றுமேட்டுக்கு வந்து நின்றார். நானும் அங்கே இருந்தேன். நாச்சாயக்கா கவலையை நிறுத்தவில்லை. வடத்தில் இறங்கினார், மணலில் மெல்லக் கால் ஊன்றினார், பின்னோக்கி நடக்கும் மாடுகளோடு மேலேறினார். வாய்க்கால் நிரம்பி ஓடியது. செங்கோடன் வாயைத் திறக்குமுன் இவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மாட்ட அந்தப் பக்கம் கட்டுங்க கொழுந்தனாரே, எம்மாடு மெரளுது."

செங்கோடன் முறை

சில வருஷம் கழித்து, சந்தையில் கூட்டம் கலைந்த பிறகு செங்கோடன் என்னிடம் வந்தார். மாடு எதுவும் கூட வரவில்லை. நடையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. விரலை இழுக்கச் சொன்னேன், சுவரைக் காட்டினேன், இரண்டு தோல் வைத்துத் தைத்தும் கொடுத்தேன். செருப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்: "ஏனுங்க, எங்க அண்ணிகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

நாச்சாயக்கா போய்விட்டார், என் மனைவியும் போய்விட்டாள். தோட்டம் மகள் பெயரில் இருக்கிறது, இந்த வருஷம் கரும்பு போட்டிருக்கிறாள்.