ஜெபக்குறிப்பில் போன பெயர்

மயக்க மருந்து டாக்டருக்கு மூக்கின் மேல் கோபம் என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். சர்ஜன்களே அவள் வாயில் விழாமல் ஒதுங்கிப் போவார்கள். அவளுடைய ஜெபக்குழுவான பட்டதாரிகள் ஐக்கியத்தில் மட்டும் அதற்கு ‘வைராக்கியம்’ என்று மரியாதையாகப் பெயர் வைத்திருந்தார்கள்.

கல்லூரியில் ஒன்றாக ஜெபித்தவர்கள் இப்போது டாக்டர், வக்கீல், ஆடிட்டர் என்று ஆளுக்கொரு வேலையில் இருந்தார்கள். ஞாயிறு மத்தியானம் ஆடிட்டர் அக்கா வீட்டு ஹாலில் கூடுவார்கள். வேலையிடத்தில் விசுவாசத்தைக் காப்பாற்றும் பாட்டை ஒவ்வொருவராகக் கொட்டித் தீர்க்க, மற்றவர்கள் ஜெபிப்பார்கள். யாருக்காக, எதற்காக ஜெபிக்கவேண்டும் என்ற ஜெபக்குறிப்புகளை வராதவர்களுக்கு அக்கா போனில் அனுப்பிவிடுவாள்.

போன ஞாயிறு டாக்டர் கொட்டித் தீர்த்தாள். ஆக்ஸிஜன் குறைந்தால் அலறவேண்டிய ஆபரேஷன் தியேட்டர் மிஷின் ஊமையாகக் கிடக்கிறது. அடிக்கடி கத்தி வேலையைக் கெடுக்கிறது என்று பெரிய டாக்டரே ஆள் விட்டு அலாரத்தை நிறுத்தியிருக்கிறார். தியேட்டர் நர்ஸ் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இவளிடம் காதும் காதும் வைத்தாற்போல் சொன்னாள். அந்த மிஷினைத் தொடமாட்டேன் என்று டாக்டர் சண்டை போட்டதுதான் மிச்சம், வேறு ஆளை வைத்து ஓட்டுகிறார்கள். ஹாலில் எல்லோரும் உருகி உருகி ஜெபித்தார்கள்.

திங்கட்கிழமை நர்ஸை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். புரளி கிளப்பினாளாம்! வியாழக்கிழமை விசாரணை, அதோடு சீட்டுக் கிழிந்துவிடும் என்று பேச்சு. நர்ஸின் பெயரோடு ஜெபக்குறிப்பு போன போன்களில் ஒன்று ஆஸ்பத்திரி மேனேஜரின் மனைவியுடையது.

டாக்டர் நேராக ஆடிட்டர் வீட்டுக்குப் போனாள். வக்கீல் அண்ணனும் அங்கே இருந்தது வசதியாகப் போயிற்று.

“அக்கா, நீங்க அனுப்பினது ஜெபக்குறிப்பா, மொட்டைக் கடுதாசியா?”

“பாரத்தோடதாம்மா அனுப்பினேன்...”

“உங்க பாரத்தைத் தூக்கி அந்த நர்ஸ் தலையில வச்சிட்டீங்க. புருஷன் இல்லாத மனுஷி, ரெண்டு பொண்ணுங்க படிக்குது.”

“கோபப்படாதம்மா, முதல்ல ஜெபிப்போம்” என்றார் வக்கீல்.

“அண்ணா, நீங்க எங்க ஆஸ்பத்திரிக்கு வக்கீல். அவங்க கணக்கைப் பார்க்கறது அக்கா. நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறந்தா அங்க ஆடிப்போயிடுவாங்க. கண்ணை மூடத்தானே உங்களுக்குத் தெரியும்!”

இருவரையும் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு நர்ஸ் வீட்டுக்கு ஓட்டினாள். அவர்களை வாசலில் காரிலேயே உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனாள்.

நர்ஸ் தன் பெண்களின் பள்ளி யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் நின்றபடியே மேனேஜரைத் திட்டினாள், ஆடிட்டரைத் திட்டினாள், ஐக்கியத்தையே கிழி கிழியென்று கிழித்தாள். நர்ஸ் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“எல்லாம் சரி மேடம். அவங்களுக்கு என் பேரைச் சொன்னது யாரு?”

நர்ஸ் அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.

“உங்க ஆண்டவருக்கு என் பேர் தெரியாதா? நாலு பேர் முன்னாடி எடுத்துச் சொன்னாத்தான் அவருக்குப் புரியுமா?”

ஊரையெல்லாம் சுட்ட கோபம் இப்போது டாக்டரையே சுட்டது. பெயரைச் சொல்லாமலே ஜெபிக்கச் சொல்லியிருக்கலாம். அது ஏன் தோன்றவில்லை? உருக்கமாக இருக்கட்டும் என்றுதானே சொன்னாள்! தன்னையே அறையவேண்டும்போல் இருந்தது.

“தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடுங்க.”

“மன்னிப்பை வச்சு நான் ஃபீஸ் கட்ட முடியுமா? வியாழக்கிழமை வந்து பேசுவீங்களா, அதைச் சொல்லுங்க.”

“பேசறேன்.”

வெளியே வந்தபோது வக்கீல் கார்க் கண்ணாடியை இறக்கினார். “என்னம்மா, அவங்களுக்காக ஒரு வார்த்தை ஜெபிச்சிட்டுக் கிளம்பலாமா?”

“இறங்குங்க அண்ணா. வியாழக்கிழமை விசாரணைக்கு அவங்களோட நாம மூணு பேரும் உள்ள போறோம். வெளியே சொன்னது நான், பரப்பினது அக்கா, தெரிஞ்சும் சும்மா இருந்தது நீங்க. மூணையும் அங்க சொல்றோம். வேலை போனா நாலு பேருக்கும் சேர்ந்தே போகட்டும்.”

ஆடிட்டர் அக்கா அழுதுகொண்டே இறங்கினாள். வக்கீல் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். “நான் அந்த ஆஸ்பத்திரிக்காரங்களோட வக்கீல்மா, எப்படி...”

டாக்டர் அவர் பக்கக் கதவைத் திறந்தாள். “முடியாதுன்னா பரவாயில்ல அண்ணா. உள்ள வந்து, அந்த ரெண்டு பொண்ணுங்க முகத்தைப் பார்த்து, நீங்களே சொல்லிட்டுப் போங்க.”