லாசால் வரை போன மோட்டார் ஹோம்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. ஒரு பகல் முழுக்க ஓட வேண்டிய கஸ்பே கடற்கரை வரை போகிறோம் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் சொல்லி, கட்டிலும் அடுப்பும் கக்கூசும் உள்ள ஒரு மோட்டார் ஹோமை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செயின்ட்-மிஷேலில் எங்கள் வாசலிலிருந்து புறப்பட்டு, லாசால் வரை போனேன். ஆம், லாசால்தான், எங்கள் நகரத்தின் மற்ற மூலை. நகரத்தைவிட்டு வெளியேறுகிற பாலத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் பக்கத்தில் ஒரு பெரிய லொறி வந்தது, என் கைகள் என்னைக் கேட்காமலே ஸ்டியரிங்கை மற்றப் பக்கம் வளைத்துவிட்டன, அதற்குப் பிறகு எந்தத் தெருவில் ஓடுகிறேன் என்று எனக்கே தெரியாது.

பேய்க்கதை சொல்கிறவர்களிடம் "என்ன குடிச்சனீங்கள்?" என்று கேட்கிற ஆள் நான். ஆகவே நீங்கள் இப்போது அதையே என்னிடம் கேட்டால் கோபிக்க மாட்டேன். அன்று நான் குடித்தது தேநீர், அதிலும் இரண்டே இரண்டு வாய். மணி காலை பத்தரை, நல்ல வெயில். பேய்கள் வேலைக்கு வருகிற நேரமா அது?

இந்தப் பயணத்துக்குக் கடல் ஒரு சாட்டுத்தான். என் சட்டைப் பையில் மூன்று வாரமாக ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று இருந்தது. நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறது, வருகிற செவ்வாய்க்கிழமை வாருங்கள், சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். என் மனைவி வதனிக்கு நான் அதைச் சொல்லவில்லை. இருபத்துநான்கு வருடம் ஒன்றாக இருந்தவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் சொன்னால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவாள், ஓடுகிற வண்டிக்குள் சொன்னால் போக இடமில்லை என்பது என் திட்டம். வண்டியோ நகரத்தையே தாண்டவில்லை.

நான் திக்குத் தெரியாமல் நிறுத்திய இடத்துக்கு எதிரே உழவர் சந்தை ஒன்று கூடியிருந்தது. "கடலைத்தான் காட்டேல்ல, கத்தரிக்காயையாவது பாப்பம்" என்று வதனி இறங்கினாள். சோளக் குவியலில் ஒவ்வொன்றாகத் தோலை உரித்துப் பார்த்தாள், உரிக்க வேண்டாம் என்று சோளம் விற்கிற கமக்காரர் பிரெஞ்சில் சொன்னார், இவள் தமிழில் பதில் சொன்னாள், ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரும் நல்ல சிநேகம். முதல் பையை என்னிடம் தந்து, குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டு வரச் சொன்னாள். போகிற வழியில் ஒரு தேன்காரி குச்சியால் தொட்டுத் தொட்டுத் தந்த ஏழு வகைத் தேனையும் நக்கிப் பார்த்துவிட்டு, நன்றிக்கு ஒரு மெர்சி சொல்லி, ஒன்றும் வாங்காமல் நழுவி வந்ததில் நேரம் போய்விட்டது.

வண்டிக் கதவு பூட்டியிருந்தது. என்னிடமிருந்த ஒரே சாவியால்தான் திறந்தேன். அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும், ஆனால் பாலத்தைக் கண்டு லாசாலுக்கு ஓடுகிற மூளையிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். உள்ளே பின்பக்கக் கட்டிலில், வதனியின் நீலப் போர்வையால் தலை வரை மூடி, மற்றப் பக்கம் திரும்பி அவள் படுத்திருந்தாள். நான் தேன் நக்குகிற நேரத்தில் களைத்துப்போய் முன்னாலேயே வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கேத்திலை அடுப்பில் வைத்தேன். முகத்தைப் பார்க்காமல் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது. கேத்திலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கடிதம் வந்த நாள், புள்ளி, செவ்வாய்க்கிழமை, இரவில் அவள் நித்திரையான பிறகு குளியலறையில் இருந்து அழுதது, எல்லாம். போர்வைக்குள் இருந்து வதனியின் குரல், அச்சொட்டாக அவளுடைய குரல், ஆறுதலாகச் சொன்னது:

"தெரியும். கடிதத்தை நானும் வாசிச்சனான்."

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல் இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றி, அவளுடையதைக் கட்டிலருகே வைத்துவிட்டு, என்னுடையதில் இரண்டு வாய் குடித்தேன். அப்போது கைபேசி அடித்தது.

"எங்க போட்டியள்? ரெண்டு பையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறன், கை முறியுது," என்றாள் வதனி.

கைபேசி காதில். கண் கட்டிலில். போர்வை மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, மூச்சு விடுகிற ஆளின் போர்வை எப்படி ஏறி இறங்குமோ அப்படி.

நான் வீரமாக அருகில் போய்ப் போர்வையை விலக்கினேன் என்று எழுத ஆசைதான். ஒற்றைச் செருப்போடு சோளக் குவியல் வரை ஓடினேன். தேன்காரி என்னைக் கண்டதும், தேன் வாங்கத்தான் ஓடி வருகிறேன் என்று போத்தலை எடுத்து நீட்டினாள்.

வதனியை இழுத்துக்கொண்டு திரும்பியபோது கட்டில் வெறுமையாக இருந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது. கட்டிலருகே கோப்பை காலி, அடியில் கொஞ்சம் தேயிலைத்தூள். வதனி கோப்பையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், இருந்து ஒழுங்காகச் சொல்லச் சொன்னாள். வேறு வழியில்லாமல் கடிதத்தை எடுத்துக் கொடுத்து, புள்ளியிலிருந்து போர்வை வரை மறுபடியும் சொன்னேன். அவள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். இதற்கு முன் அதைக் கண்ணால் கண்டதில்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினாள். பேயைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. கடிதத்தை மடித்து என் கையில் தந்துவிட்டு, "எனக்குச் சொல்ல முதல் ஆருக்கோ சொல்லியிருக்கிறியள்," என்றாள். கண் கலங்கியிருந்தது. போர்வைக்குள் இருந்தது அவள்தான் என்று நினைத்துத்தானே சொன்னேன் என்று நான் கெஞ்சியது எடுபடவில்லை. அன்றே வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

அந்தப் புள்ளி பழைய தழும்பு, பயமில்லை என்று பிறகு முடிவு வந்தது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் என் நுரையீரலையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு இன்றைக்கும் நித்திரையைக் கெடுப்பது வேறு.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு வதனியும் வந்தாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் அட்டையை வாங்கிப் பதிந்துவிட்டு, வதனியைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு என் இடது தோளுக்குப் பின்னால் பார்த்து அதே மாதிரிச் சிரித்தாள். நோயாளியோடு ஒருவர்தான் உள்ளே போகலாம், மன்னிக்க வேண்டும், என்னோடு வந்திருக்கிற இரண்டு மதாம்களில் ஒருவர் இங்கேயே காத்திருக்க வேண்டும் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

நான் திரும்பினேன். பின்னால் நீளமான வெறும் நடைபாதை. மேசையைப் பிடித்துக்கொண்டு, "வதனி, இப்ப என்ன செய்யிறது?" என்றேன்.

அவள் திரும்பியே பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அவவை வெளியில இருக்கச் சொல்லுங்கோ."